மூன்றாவது பெரட்டுக்கு முன்பு

குருபோங், மலாக்கா.
செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்பு மச்சான் காந்தனுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் காளிமுத்து எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அக்கா கமலவேணியும் சுகம். அங்கே செர்காமில் நீயும், தங்கச்சி தேவமலரும், பையன் கவிநேசனும் சுகமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகமில்லாவிட்டாலும் இதைப் படித்து முடிக்கும் வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். விஷயம் அவசரம்.

கையில் போனை வைத்துக்கொண்டு மாமா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். காரணம் நீதான். உன்னிடம் ஒரு செய்தி வந்தால் ஐந்து நிமிடத்தில் ஜாசின் வரைக்கும் போய்விடும். போன வருடம் என் மூலத்தைப் பற்றி உன்னிடம் ரகசியமாக ஒரு வார்த்தை கேட்டேன். சாயங்காலத்துக்குள் டுரியான் துங்காலிலிருந்து மூன்று பேர் வைத்தியம் சொன்னார்கள், அதில் ஒருவர் படம் வேறு கேட்டார். காகிதத்தை அப்படி விரலால் தள்ளிவிட முடியாது. சனிக்கிழமை உன் அக்கா மீன் வாங்க அந்தப் பக்கம் வரும்போது இந்தக் கவரை உன் கையில் கொடுப்பாள். பசை போட்டு ஒட்டி, அதற்கு மேல் டேப்பும் ஒட்டியிருக்கிறேன். டேப் பிரிந்திருந்தால் எனக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் யாரை நம்புவது என்று தெரியவில்லை, இருப்பதே இரண்டு பேர்.

விஷயம் நம் குழுவைப் பற்றியது. நீதான் அட்மின், உனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்வாய். தெரியாது. நீ பாதிச் செய்தியைப் படிக்காமலே கட்டைவிரல் போடுகிற ஆள். என் மூலத்துக்கும் கட்டைவிரல்தான் போட்டாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

'புக்கிட் செலாசே தோட்டத்துப் பிள்ளைகள்' என்று 2004-இல் பவன் தம்பி நமக்காக ஒரு இணையதளம் கட்டினானே, அந்த நாளிலிருந்து நான் இருக்கிறேன். லயத்து வீடுகளை இடித்து, ரப்பர் மரங்களைச் சாய்த்து, தோட்டம் இருந்த இடத்தில் சோபா செய்யும் தொழிற்சாலை வந்து, ஆட்கள் எல்லாம் ஆளுக்கொரு தாமான் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, நாம் சேர்ந்து சண்டை போட ஒரு இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தைக் கொடுத்தவன் பவன். நான் அப்போது தண்ணீர் மீட்டர் படிக்கும் வேலையில் இருந்தேன். கடைசி வீட்டு மீட்டரைப் படித்துவிட்டு, யூனிஃபார்மோடு சைபர் கபேயில் போய் உட்கார்ந்து, கேம் விளையாடும் பையன்களுக்கு நடுவில் ஒரு மணி நேரம் விவாதம் செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கெல்லாம் பவன் பொறுமையாகப் புதிது செய்து கொடுப்பான். எனக்கு மட்டும் பதினேழு தடவை. பிறகு எல்லாரும் வாட்ஸ்அப்புக்கு மாறினோம். பவன் ஒரு நாள் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான். எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான், இன்று வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

இப்படி ஆள் குறைய ஆரம்பித்தபோதுதான் கருப்பாயி அக்கா பெரட்டைக் கொண்டுவந்தார். தோட்டத்தில் விடியும் முன்னே ஆபீஸ் முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், கிராணி கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார், ஆள் 'இருக்கேன்' என்று குரல் கொடுத்த பிறகுதான் அன்றைக்கு வேலை. அக்கா முப்பது வருடம் அந்த வரிசையில் நின்றவர். "பேரைக் கூப்பிட்டா யாராச்சும் பதில் சொல்லணும்பா. இல்லாட்டி அந்த ஆளு இருந்ததுக்கு என்னா அடையாளம்?" என்று கேட்டார். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீ ஒவ்வொரு பேராகப் போடுகிறாய். இருக்கிறவர்கள் 'இருக்கேன்' என்று போடுகிறார்கள். செத்தவர்கள், சொல்லாமல் போனவர்கள், கோபித்துக்கொண்டு போனவர்கள் பேர் வந்தால், தெரிந்தவர் யாராவது 'இருக்காரு' என்று போட்டு அவரைப் பற்றி ஒரு ஞாபகத்தை எழுத வேண்டும். கருப்பாயி அக்கா தவறி ஆறு வருடம் ஆகிறது. ஒரு மாதம்கூட அவர் பேருக்குப் பதில் வராமல் இருந்ததில்லை. ஒரே நேரத்தில் நாலு பேர் போட்டு இடித்துக்கொண்ட மாதமும் உண்டு.

இதில் நான் ஒரு விதி சேர்த்தேன். மூன்று பெரட்டு தொடர்ந்து ஒருவர் பேருக்கு யாருமே பதில் சொல்லாவிட்டால், அந்தப் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, ஒழுங்கு வேண்டாமா என்றேன். கருப்பாயி அக்கா அப்போதே வேண்டாம் என்றார். நான் விடவில்லை. ஒரு வாரம் பேசி, இருபத்திரண்டு செய்தி போட்டு, எல்லாரும் களைத்துப்போய்ச் சரி என்றார்கள். நான் பெரும்பாலும் அப்படித்தான் ஜெயிப்பது. அந்த விதியில் இது வரைக்கும் ஒரே ஒரு பேர்தான் போயிருக்கிறது, சுரேன். ஞாபகம் இருக்கிறதா உனக்கு? தினமும் காலையில் ஒரு ரோஜாப் படம் போட்டு 'காலை வணக்கம்' என்று எழுதுவான். ஆறு வருடம் எழுதினான், வேறு ஒன்றுமே எழுதியதில்லை. ஒரு நாள் ரோஜா நின்றுவிட்டது. பெரட்டில் பேர் கூப்பிட்டபோது அவனைப் பற்றிச் சொல்ல யாருக்கும் ஒன்றும் இல்லை. மூன்றாவது மாதம் நான்தான், "விதி விதிதான், எடுத்துடுங்க" என்று போட்டேன். அதற்கும் நீ கட்டைவிரல் போட்டாய்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு முந்திய பெரட்டில் கருப்பாயி அக்கா பேர் வந்தது. நான் முந்திக்கொண்டு 'இருக்காங்க' என்று போட்டு, எல்லாருக்கும் பிடித்த அந்தப் பழைய கதையை எழுதினேன். 2006-இல் நம் முதல் ஒன்றுகூடல், சாப்பாட்டுக்கு ஆடா, சைவமா என்று எனக்கும் நம் திலகவதிக்கும் மூன்று வாரம் விவாதம். இருநூற்றுப் பதினான்கு பதிவு. கடைசியில் அது வரைக்கும் வாயே திறக்காத அக்கா, மகன் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டி ஒரே ஒரு வரி போட்டார்: "அடுப்பு பத்த வைக்கப்போறது யாரு?" அதோடு களம் அடங்கிவிட்டது. திலகவதியின் வாயை அக்கா அடைத்த கதை என்று நான் இதைப் பதினைந்து வருடமாகச் சொல்லி வருகிறேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. அன்றைக்கு என்ன வந்ததோ, திலகவதி ஒரு படம் போட்டார். அச்செடுத்த பக்கத்தின் படம். நான் மறந்துபோனது இதுதான் மச்சான். அந்த இணையதளத்தை மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தபோது, திலகவதி தபால் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு பதிவாக அச்செடுத்து, ஓட்டை போட்டு, பதினொரு கோப்பில் கட்டி வீட்டில் வைத்திருக்கிறார். யார் செய்வார் இப்படி? மனுஷன் சொன்னதை எல்லாம் கோப்பில் போட்டால் அப்புறம் மனுஷன் எப்படிப் பேசுவது?

படத்துக்குக் கீழே எழுதினார்: "கோப்பு நாலு, பக்கம் எழுபத்தொண்ணு. அக்கா எழுதினது 'தம்பி, அடுப்பு பத்த வைக்கப்போறது யாரு?' தம்பின்னு இருக்கு. நான் எப்படிலா தம்பி? அதுக்கு மேல இருக்கிற ஒம்பது பதிவும் யாரு போட்டதுன்னு எல்லாரும் பாத்துக்குங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கிற முகங்களாக வந்து விழுந்தன. இருபத்தாறு முகம், எண்ணினேன். அதில் ஒன்று உன்னுடையது, இன்னொன்று உன் அக்காவுடையது. அவள் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டே போட்டாள். நான் எழுந்து, "பொய் ஆவணங்களோடு நான் ஒரே இடத்தில் இருக்க முடியாது" என்று எழுதிவிட்டு, 6.40-க்கு வெளியேறினேன்.

வெளியேறினால் என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன் என்று உண்மையாகவே சொல்கிறேன். பத்து நிமிடத்தில் போன் அடிக்கும், "மாமா, என்ன மாமா இது" என்று நீ கேட்பாய், நான் எடுக்க மாட்டேன், மறுபடி அடிப்பாய், மூன்றாவது தடவை எடுப்பேன். போன் அடிக்கவில்லை. மத்தியானம் ஒரு தடவை அடித்தது. பாய்ந்து எடுத்தேன். வாட்டர் ஃபில்டர் விற்கும் பெண். முப்பத்திரண்டு வருடம் தண்ணீர் இலாகாவில் இருந்தவனிடம் தண்ணீர் சுத்தமில்லை என்றாள். அரை மணி நேரம் அவளோடு விவாதம் செய்தேன், கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, அவளே போனை வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் பெரட்டு வந்தது. உன் அக்கா இன்னும் குழுவில் இருக்கிறாளே. ஞாயிறு காலை ஆறுக்கு அவள் குளிக்கப் போவாள். அவள் போனைத் திறக்க விரலால் 'ட' போட வேண்டும், அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் எடுத்து, நேரே கடைசிச் செய்திக்குப் போனேன். மேலே கீழே தேடி நேரத்தை வீணாக்கவில்லை. மீட்டர் படித்தவனுக்குப் பார்வை நேரே எண்ணில்தான் போகும், அந்தப் பழக்கம். கருப்பாயி அக்கா பேர் வந்தது, மூன்று பேர் பதில். பவன் பேர் வந்தது, இரண்டு பேர் பதில். 'காளிமுத்து?' என்று வந்தது. மச்சான், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு நீ அடுத்த பேரைப் போட்டுவிட்டாய். இருபது வருடம் மச்சான். அந்த ஆட்களில் பாதிப் பேருக்கு நான்தான் சேர்வது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தேன், தாமானைச் சுற்றி நடந்தேன். கை சும்மா இருக்காமல் போகிற வழியில் வீட்டு வீட்டு மீட்டரை எட்டிப் பார்த்து எண்ணை மனதுக்குள் படித்துக்கொண்டே போனேன். பதினான்காம் நம்பர் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அங்கிள், என்னா பாக்கிறீங்க என் கேட்டுகிட்ட?" என்று கேட்டார். "உங்க வீட்ல தண்ணி கூடப் போகுதுலா" என்றேன். அவர் தாமான் வாட்ஸ்அப்பில் என் நடையின் காணொளியைப் போட்டு 'ஜாக்கிரதை' என்று எழுதிவிட்டார். அந்தக் குழுவில் எனக்கு உடனே நாற்பது பதில். நம் குழுவில் ஒன்றுகூட இல்லை.

பிறகு வேறு வழி பார்த்தேன். நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. போன மாதம் 'மலர்விழி, ஜாசின்' என்று ஒரு பெண் குழுவில் சேரக் கேட்டு உனக்கு எழுதினாளே, அது நான்தான். புது சிம் வாங்கினேன், செம்பருத்திப் படம் வைத்தேன். சேர வருகிறவரிடம் எந்த லயம், எந்த வீடு என்று கேட்க வேண்டும் என்ற விதியும் நான் போட்டதுதான் என்பதை மறந்துவிட்டேன். நீ கேட்டாய். அவசரத்தில் விரல் தானாகத் தட்டிவிட்டது: 'மூணாவது லயம், ஏழாம் வீடு.' நீ திருப்பி எழுதியது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது: "அது காளிமுத்து மாமா வீடாச்சே. நீங்க யாரு, அந்த வீட்டுப் பேயா?" மரியாதையாகப் பேசக் கற்றுக்கொள் மச்சான். நிஜமாகவே ஒரு பெண்ணாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதற்கு அடுத்த வாரம்தான் பெரிய கூத்து. திலகவதி என்ன நினைக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்று காரை எடுத்துக்கொண்டு டுரியான் துங்காலுக்குப் போனேன். பேச்சுக் கொடுக்கும் எண்ணம் இல்லை, வீட்டுப் பக்கமாகச் சும்மா போய்விட்டு வருவது என்றுதான். மூன்று தடவை போனேன், நாலாவது தடவை காரை நிறுத்தி இறங்கினேன். அவர் கேட் திறந்து வெளியே வந்துவிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அப்படியே குனிந்து மீட்டர் மூடியைத் திறந்துவிட்டேன்.

"என்னா காளிமுத்து, நீங்க ரிட்டயர் ஆகி ஒம்பது வருஷம் ஆச்சே?" என்றார்.

"லீக் இருக்கு," என்றேன். வாய்க்கு வந்ததுதான். ஆனால் பார், உள்ளே எல்லாக் குழாயும் மூடியிருக்கிறது என்கிறார், மீட்டரில் அந்தச் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிஜமாகவே லீக். சமையலறைக்குப் பின்னால் தரைக்கு அடியில். கண்டுபிடித்துக் கொடுத்தேன். கையைக் கழுவச் சொல்லி, தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். ஹாலில் அந்தப் பதினொரு கோப்பும் வரிசையாக நிற்கின்றன, சாமிப் படத்துக்குப் பக்கத்தில். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. குழுவைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "ஞாயித்துக்கெழம காலையில எல்லாம் சீக்கிரம் எழுந்திருக்கிறீங்களா?" என்று கேட்டார். பார்த்தாயா குத்தலை? என் பேர் கூப்பிடப்பட்டு ஒருவரும் வாய் திறக்காத நேரத்தை எனக்கே ஞாபகப்படுத்துகிறார். "எனக்குத் தூக்கம் நல்லா வருது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த மாதம் இரண்டாவது பெரட்டு. மறுபடி 'ட' போட்டேன், மறுபடி கடைசிக்குப் போனேன். 'காளிமுத்து?' என்று வந்தது. மறுபடி ஐந்து நிமிடம். மச்சான், வரும் ஞாயிறு மூன்றாவது. நான் போட்ட விதி என் கழுத்துக்கே வந்து நிற்கிறது. சுரேனுக்கு நடந்தது எனக்கு நடக்கப்போகிறது, நீயும் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டுப் போவாய்.

ஆகையால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஞாயிறு காலை என் பேர் வரும்போது நீ 'இருக்காரு' என்று போட வேண்டும். நான் கேட்டேன் என்று யாருக்கும் தெரியக் கூடாது. தானாகத் தோன்றியது போல் இருக்க வேண்டும், உடனே போடாதே, ஒரு நிமிடம் விட்டுப் போடு. ஞாபகம் எழுத வேண்டுமே, அது உனக்கு வராது, நானே தருகிறேன். 2011 ஒன்றுகூடலில் மண்டபத்துக் குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சியபோது நான் தனி ஆளாக நிறுத்தினேன், அதைப் போடலாம். ஆனால் நிறுத்தப் போய்த்தான் உடைத்தேன் என்று யாராவது கிளப்புவார்கள், வேண்டாம். தோட்டத்துப் பள்ளிக்கூட லாரி நீலமா பச்சையா என்ற விவாதத்தில் நான் ஜெயித்ததைப் போடலாம். அது கோப்பு எட்டில் இருக்கும், வேண்டாம். நாலு நாளாக யோசிக்கிறேன், எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் நான் ஜெயித்த சண்டைதான். மற்றவர்களுக்கு ஞாபகம் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

ஒன்று இருக்கிறது, யாருக்கும் சொன்னதில்லை. கருப்பாயி அக்காவுக்குக் கடைசி இரண்டு வருடம் கண் தெரியவில்லை. பதிவு மட்டும் வந்துகொண்டே இருந்ததே, எப்படி என்று நீ யோசித்ததுண்டா? வியாழக்கிழமை தோறும் நான் போவேன். குழுவில் வந்ததை எல்லாம் வாசித்துக் காட்டுவேன், அவர் சொல்லச் சொல்ல நான் ஒற்றை விரலால் தட்டுவேன். "நீ சொல்றதுக்கு மட்டும் பதில் வேணாம்பா, அதான் நேர்லயே கேட்டுட்டேனே" என்பார். இதை வேண்டுமானால் போடு. ஆனால் இரண்டு மூன்று இடத்தில் நானே என் பக்கமாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். 'காளிமுத்து தம்பி சொல்றது சரி' என்று அக்கா பேரில் வந்தது எல்லாம் அக்கா சொன்னதல்ல. அதைப் போடாதே. எதைப் போடுவது என்று நீயே யோசித்து முடிவு செய், ஆனால் போடு.

சரி, நிறைய எழுதிவிட்டேன். நீயும் தங்கச்சியும் நோய் நொடி அண்டாமல் நூறு வயது வரை இருக்க வேண்டும். கவிநேசனுக்குத் தேர்வில் நல்ல பலன் வரட்டும். வீட்டில் எப்போதும் குழாயில் தண்ணீரும் பானையில் அரிசியும் குறையாமல் இருக்க அம்மன் துணை நிற்கட்டும். மீன் வாங்கும்போது உன் அக்காவுக்குச் செவுள் பார்க்கத் தெரியாது, கூடப் போகவும்.

இப்படிக்கு,
இன்னும் பட்டியலில் இருக்கும்
காளிமுத்து மாமா

பின்குறிப்பு. வெள்ளிக்கிழமை. மச்சான், மேலே எழுதியதை எல்லாம் அடித்ததாக வைத்துக்கொள். நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் உன் அக்கா கெட்டில் ஆவியில் பிடித்து, டேப்போடு சேர்த்துக் கவரைத் திறந்துவிட்டாள். நான் வந்தபோது சோபாவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, நீங்க கீழேயே பாத்தா எப்படி? மேல தள்ளிப் பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். 'ட' அவளுக்கு முதலிலிருந்தே தெரியுமாம். தன் போனை என் கையில் கொடுத்து மேலே தள்ளிக் காட்டினாள். நான் வெளியேறிய பிறகு வந்த முதல் பெரட்டுக்கு முந்திய நாள், சனிக்கிழமை சாயங்காலம். திலகவதி எழுதியிருக்கிறார், அப்படியே எழுதுகிறேன்:

"நாளைக்குக் காளிமுத்து பேருக்கு யாரும் 'இருக்காரு'ன்னு போட்டுடாதீங்க. நாம போட்டா அவரு போனவங்க பட்டியல்ல சேர்ந்துடுவாரு. ஆளு குருபோங்ல நல்லாத்தானே இருக்காரு. பேரைக் கூப்பிட்டுட்டு அஞ்சு நிமிஷம் காத்திருப்போம். அவரே வந்து 'இருக்கேன்'னு சொல்லட்டும்."

கீழே முப்பத்தொரு கட்டைவிரல். இரண்டாவது பெரட்டுக்கு முந்திய சனிக்கிழமையும் அதையே மறுபடி போட்டிருக்கிறார். முப்பத்து நாலு. உன்னுடையதும் இருக்கிறது, இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் போட்டாய் என்று நம்புகிறேன். அந்த ஐந்து நிமிடம் அத்தனை பேரும் போனைப் பிடித்துக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் அதே ஐந்து நிமிடம் கமலவேணியின் போனைப் பிடித்துக்கொண்டு உங்களுக்காக உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் மீட்டர் படித்தவன், முந்திய ரீடிங்கைப் பார்க்காமல் எழுதிவிட்டேன். புதிதாக வேலைக்கு வந்த பையன்களை நான் திட்டியது இதற்காகத்தான்.

ஆகவே நீ எதுவும் போட வேண்டாம். கையில் கிடைத்த உடனே என்னைக் குழுவில் சேர். மலர்விழி நம்பரில் அல்ல, என் நம்பரில். பெரட்டில் என் பேர் வந்ததும் நானே 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்பு கருப்பாயி அக்கா பேர் வரும்போது, அக்கா 'தம்பி' என்று சொன்னது என்னைத்தான், ஒன்பது பதிவும் என்னுடையதுதான், அன்றைக்கு அடுப்பு பற்ற வைத்தது திலகவதிதான் என்று எழுதப்போகிறேன். கடைசியாக, சுரேன் பேரைத் திரும்பப் பட்டியலில் போடு. அவனுக்கு நான் பதில் சொல்கிறேன். ஆறு வருடம் ஒரு நாள் விடாமல் நமக்கெல்லாம் ரோஜா கொடுத்தான் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லையே. அந்த விதியையும் எடுத்துவிடு, அது கெட்ட விதி. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, யாரிடமும் காட்டாதே.

தம்பி, இது அக்கா எழுதுறது, சனிக்கெழம காலையில, மாமா மாடியில இருக்காரு. கிழிக்க வேணாம். நான் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துத் திலகவதி அக்காவுக்கு நேத்தே அனுப்பிட்டேன். பன்னண்டாவது கோப்பு ஆரம்பிச்சு, மொதப் பக்கமா இதத்தான் வச்சிருக்காங்களாம். கருப்பாயி அக்கா பேர்ல வந்த அந்த வரி எல்லாம் யாரு எழுதினதுன்னு அவங்களுக்கு அப்பவே தெரியுமாம், வியாழக்கெழம மட்டும்தான் அக்கா மாமா பக்கம் பேசினாங்கன்னு சொன்னாங்க. ஞாயித்துக்கெழம மாமா பேரைக் கூப்பிட்டுட்டு அஞ்சு நிமிஷம் பத்தாது, பத்து நிமிஷம் விடச் சொன்னாங்க. மாமா ஒத்த விரல்லதான் தட்டுவாரு, பாவம். நண்டு நல்லா இருந்தா ரெண்டு கிலோ பாத்து எடுத்துக் குடு, மீனோட சேர்த்து வாங்கிட்டுப் போயிடுறேன்.